ஹெரால்ட் வகைத் தானுந்துகளில் அதிர்வு கண்டறிதல்

ஹெரால்ட் வகைத் தானுந்துகளில் அதிர்வு கண்டறிதல் என்பது, டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவிக் கட்டப்பட்ட பழைய தானுந்துகள் ஓடும்போது எழும் நடுக்கத்தின் மூலத்தை, உறுப்புகளைக் கழற்றுவதற்கு முன்பாகவே, வேகம், அதிர்வெண், சுமை ஆகியவற்றைக் கொண்டு பகுத்தறியும் முறையாகும். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விளையாட்டுத் தானுந்துகளுள் புகழ்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஆறு உருளைப் பொறி கொண்ட டிரையம்ப் ஜிடி6, சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இத்தானுந்துகளில் தோன்றும் நடுக்கங்களுள் பெரும்பாலானவை டயர் சமநிலையின்மை போன்ற எளிய காரணங்களால் வருபவை. ஆனால் சிலவற்றின் மூலம் அவ்வளவு எளியதன்று. முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்னும் உறுப்போ, பின் சக்கரத்தைச் சுழற்றும் அரையச்சோ முறிந்தால் சக்கரமே வண்டியை விட்டு மடங்கவும் கழலவும் கூடும். இவ்விரு வகை நடுக்கங்களும் ஓட்டுநரின் கைக்கும் இருக்கைக்கும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. மேலும், ஸ்டாண்டர்ட் ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டமையால், தவறாகக் கணித்து மாற்றப்படும் ஒவ்வோர் உறுப்பும் மீண்டும் எளிதில் கிடைக்காத ஒன்றாகும்.

பின்னணி

டிரையம்ப் ஹெரால்ட் 1959 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதன் உடலமைப்பை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி ஆவார். அக்காலத்தில் பெரும்பாலான சிறு தானுந்துகள் உடலும் சட்டமும் ஒன்றாகிய கட்டமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்ட் மட்டும் தனி அடிச்சட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டது. இதனால் அதே சட்டத்தைச் சற்றுக் குறுக்கி வேறு உடல் பொருத்துவது எளிதாயிற்று. அவ்வாறு பிறந்ததே 1962 ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர். அது 1980 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஜிடி6 1966 முதல் 1973 வரை வெளிவந்தது.

இந்தியாவில் 1948-இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் அமைந்த தன் ஆலையில் முதலில் வேன்கார்ட், பின்னர் ஸ்டாண்டர்ட் 10 ஆகிய வண்டிகளையும், 1961 முதல் ஹெரால்டையும் உருவாக்கியது. இந்திய ஹெரால்டில் 948 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறி இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்ட் இங்கு வெளியிடப்பட்டது. நான்கு கதவு ஹெரால்ட் இங்கிலாந்தில் விற்கப்பட்டதில்லை. அடுத்து வந்த கேசல் என்னும் வண்டியில், ஹெரால்டின் தனித்தியங்கும் பின் அச்சு கைவிடப்பட்டு வழமையான ஒற்றைப் பின் அச்சு பொருத்தப்பட்டது. ஹெரால்டின் பின்புற அமைப்பின் மீது இங்கிருந்த ஐயத்தை இம்மாற்றம் ஒருவாறு காட்டுகிறது. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000 வெற்றி பெறவில்லை. 1980-களின் இறுதியோடு தானுந்து உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் பின்னர்த் தகவல் தொழில்நுட்ப வளாகமும் குடியிருப்புகளும் எழுந்தன. வண்டலூர் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

சென்னையின் வடக்கேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியுள்ளன. எனவே விளையாட்டுத் தானுந்தின் சட்டமும் குடும்பத் தானுந்தின் சட்டமும் ஒன்றே என்பது இங்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஸ்பிட்ஃபயருக்கு எழுதப்பட்ட அதிர்வு இலக்கணம் வண்டலூர் ஹெரால்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கட்டமைப்பு

அதிர்வைக் கண்டறிய முதலில் எவை எவை சுழல்கின்றன என்பதை அறிதல் வேண்டும். முன்புறமுள்ள பொறியிலிருந்து கிளட்ச், கியர்பெட்டி வழியாக வரும் சுழற்சி, புரொப்பல்லர் சாஃப்ட் என்று பட்டறைகளில் வழங்கப்படும் உந்துதண்டின் மூலம் பின்புற டிஃபரன்சியலை அடைகிறது. உந்துதண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ இணைப்புகள் உள்ளன. இவற்றைப் பட்டறையாளர் 'கிராஸ்' என்பர். பெரும்பாலான பழைய வண்டிகளில் டிஃபரன்சியல் பின் சக்கரங்களோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஹெரால்டில் அது அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. ஆகவே உந்துதண்டின் சாய்வுக் கோணம் மேடுபள்ளங்களில் மிகுதியாக மாறுவதில்லை.

மாறுவது அரையச்சுகளின் கோணமே. டிஃபரன்சியலின் இருபுறமிருந்தும் ஒவ்வோர் அரையச்சு புறப்பட்டு நேராகச் சக்கரத்துக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் உட்பக்கத்தில் ஒரே ஒரு கிராஸ் மட்டும் உண்டு. சக்கரம் மேலெழும்போது அரையச்சு முழுவதும் அந்த ஒற்றை இணைப்பை மையமாகக் கொண்டு ஊசலாடுகிறது. இதனை ஊசல் அச்சு என்பர். இரு சக்கரங்களையும் மேலிருந்து தாங்குவது குறுக்காகக் கிடக்கும் ஒரே வில்பட்டைக் கட்டு ஆகும்.

முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் குடமும் ஒரு செங்குத்துத் தண்டில் பொருந்தியுள்ளது. அத்தண்டின் அடிப்பகுதியில் திருகுப்புரி வெட்டப்பட்டு, வெண்கலத்தாலான டிரன்னியனுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்தப் புரியிலேயே சுழல்கிறது. ஸ்டீயரிங் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட வகை. அது ரப்பர் மெத்தைகளின் மீது சட்டத்தில் இறுக்கப்பட்டுள்ளது.

அதிர்வெண் கணக்கு

சுழலும் உறுப்பு ஒவ்வொன்றும் தன் சுழற்சி வேகத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில்தான் நடுங்க முடியும். இந்த ஒற்றை உண்மையிலிருந்தே கண்டறியும் முறை முழுவதும் பிறக்கிறது. 13 அங்குலச் சக்கரத்தில் பழைய அளவு டயர் பொருத்திய ஸ்பிட்ஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயரின் உருளும் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22.2 மீட்டர் ஆகும். எனவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுழல்கிறது. தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் டிஃபரன்சியல் விகிதம் 4.11. ஆகவே உந்துதண்டு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சுழலும். நான்காவது கியரில் கியர்பெட்டி சுழற்சியை மாற்றாமல் அப்படியே கடத்துவதால் பொறியும் அதே 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3,000-க்குச் சற்று மேலாகச் சுழலும்.

சமநிலை கெட்ட உறுப்பு ஒரு சுழற்சிக்கு ஒரு முறை நடுங்கும். தேய்ந்த கிராஸ் ஒரு சுழற்சிக்கு இரு முறை நடுங்கும். நான்கு உருளைப் பொறியில் ஒரு சுழற்சிக்கு இரு வெடிப்புகள் நிகழும். ஓர் உருளை மட்டும் வெடிக்கத் தவறினால், அக்குறை இரு சுழற்சிக்கு ஒரு முறை தோன்றும். இவற்றின்படி மேற்கண்ட வண்டியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 12 ஹெர்ட்ஸ் நடுக்கம் சக்கரத்தையோ டயரையோ சுட்டும். 25 ஹெர்ட்ஸ் அரையச்சின் கிராஸைச் சுட்டலாம், வெடிக்கத் தவறும் உருளையையும் சுட்டலாம். 50 ஹெர்ட்ஸ் உந்துதண்டின் சமநிலையையோ பொறியின் சமநிலையையோ சுட்டும். 100 ஹெர்ட்ஸ் உந்துதண்டின் கிராஸாக இருக்கலாம், பொறியின் இயல்பான வெடிப்பாகவும் இருக்கலாம்.

மூன்று இடங்களில் இரண்டிரண்டு குற்றவாளிகள் ஒரே எண்ணில் நிற்பதைக் காணலாம். இவர்களைப் பிரிக்கும் வழி எளிது. அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியருக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது கியரின் விகிதம் ஏறத்தாழ 1.4 ஆதலால் பொறி நொடிக்கு 70 சுழற்சிக்கு உயர்கிறது. சக்கரமும் அரையச்சும் உந்துதண்டும் முன்போலவே சுழல்கின்றன. நடுக்கம் மாறாமல் நின்றால் பொறிக்கு அதில் பங்கில்லை. நடுக்கத்தின் சுருதி உயர்ந்தால் அது பொறியையோ கிளட்சையோ சார்ந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இச்சோதனை, வண்டியின் பாதி உறுப்புகளைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடும்.

இந்திய ஹெரால்டின் டிஃபரன்சியல் விகிதம் ஸ்பிட்ஃபயரினின்று வேறுபடும். மேலும் பல வண்டிகளில் இடையில் உறுப்புகள் மாற்றப்பட்டிருக்கும். எனவே ஏட்டிலுள்ள விகிதத்தை நம்புவதைவிட அளந்தறிதல் நன்று. கியரை நடுநிலையில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, மற்றச் சக்கரம் அசையாதபடி முட்டுக் கொடுத்து, உயர்த்திய சக்கரத்தை 2 முழுச் சுற்றுகள் சுழற்ற வேண்டும். அப்போது உந்துதண்டு சுற்றும் எண்ணிக்கையே டிஃபரன்சியலின் விகிதமாகும். உந்துதண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது.

சாலைச் சோதனை

சோதனை ஓட்டத்துக்கு நீண்ட, சமமான, வளைவு குறைந்த சாலை தேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடந்து திருவிடந்தை வழியாக மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பகுதி இத்தகையது. ஆயினும் திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வருவோர் கூட்டமும் விடுமுறை நாள் நெரிசலும் உள்ள வேளைகளில் இச்சாலை எச்சோதனைக்கும் உகந்ததன்று. அதிர்வின் காரணம் தெரியாத வண்டியை எந்தப் பொதுச் சாலையிலும் உயர் வேகத்துக்குக் கொண்டு செல்லுதல் கூடாது. பின்வரும் பரிசோதனைகள் முடிந்த பின்னரே சாலைக்கு வரவேண்டும் என்பதே சரியான வரிசை. நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

ஓட்டத்தின்போது முதலில் வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்துப் பொறியை மட்டும் சீராக முடுக்க வேண்டும். நின்ற நிலையிலேயே நடுக்கம் எழுந்தால் சக்கரங்களும் உந்துதண்டும் குற்றமற்றவை. அடுத்து, வண்டி ஓடும்போது நடுக்கம் தோன்றும் வேகத்தில் முடுக்கியை விடுவித்துப் பார்க்க வேண்டும். முடுக்கும்போது மிகுந்து, விட்டவுடன் தணிவது கிராஸ், டிஃபரன்சியலின் ரப்பர்த் தாங்கிகள், பொறியின் தாங்கிகள் ஆகியவற்றைச் சுட்டும். முடுக்கினாலும் விட்டாலும் ஒரே அளவாக இருப்பது சக்கரம், டயர் ஆகியவற்றின் தன்மை. வேகம் கூடக்கூட நடுக்கமும் தொடர்ந்து கூடுகிறதா, அல்லது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மிகுந்து அதைத் தாண்டியதும் தணிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். தடை அழுத்தும்போது மட்டும் எழுவது தடை உருளை அல்லது தடைத்தட்டின் கோணலால் வருவது.

ஒரு வேகத்தில் மட்டும் மிகுந்து தணியும் நடுக்கம் ஒத்ததிர்வினால் ஆனது. தாங்கமைப்பின் மீது சக்கரமும் அதைச் சார்ந்த உறுப்புகளும் துள்ளும் இயல்பு அதிர்வெண் பெரும்பாலான தானுந்துகளில் 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். 1.8 மீட்டர்ச் சுற்றளவுள்ள சக்கரம் இதே வீதத்தில் சுழல்வது மணிக்கு 65 முதல் 97 கிலோமீட்டர் வேகத்தில் ஆகும். சக்கரச் சமநிலையின்மை பெரும்பாலும் இந்த வேக எல்லையிலேயே ஸ்டீயரிங்கை உலுக்குவதன் காரணம் இதுவே. 100-ஐத் தாண்டினால் நடுக்கம் போய்விடுகிறது என்று சொல்லி அந்த வேகத்திலேயே ஓட்டும் வழக்கம் ஒன்று உண்டு. நடுக்கம் மறைந்தாலும் அதை உண்டாக்கும் விசை மறைவதில்லை. சக்கர விளிம்பில் 30 கிராம் எடை மிகுந்திருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 30 நியூட்டன் விசையும், 110 கிலோமீட்டரில் ஏறத்தாழ 56 நியூட்டன் விசையும் பேரிங்குகளின் மீது சுழன்று சுழன்று தாக்கும்.

ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்புறம், இருக்கையில் தெரிந்தால் பின்புறம் என்ற பொது விதி ஹெரால்ட் வகையில் முழுவதும் பொருந்தாது. உடல் தனியாக அடிச்சட்டத்தின் மீது திருகாணிகளால் இறுக்கப்பட்டிருப்பதால், அவற்றுள் சில தளர்ந்திருந்தால் எங்கோ எழும் சிறு நடுக்கம் உடல் முழுவதும் பெருகிக் காட்டும். முன்புறமாகத் திறக்கும் பெரிய மூக்குப்பகுதியின் கீல்களும் பக்கக் கொக்கிகளும் தளர்ந்தால், கண்ணெதிரே வண்டியின் முகப்பே ஆடுவதைக் காணலாம். காண்போரை மிகவும் அச்சுறுத்துவது இதுவே. ஆயினும் தீங்கு குறைந்ததும் இதுவே.

சக்கரமும் டயரும்

நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியின் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிவிடும். முதல் சில கிலோமீட்டர்களில் எழுந்து டயர் சூடானதும் மறையும் நடுக்கம் இத்தகையது. மறையாமல் நின்றால் டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம். பழைய தானுந்துகள் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்களே ஓடுவதால் டயரின் வெளிப்புறக் கோடுகள் தேயாமலே இருக்கும். அதைக் கண்டு டயர் புதியது என்று எண்ணுதல் பிழை. 2000 முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கவாட்டிலுள்ள குறியீட்டின் இறுதி 4 இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2309 என்றிருந்தால் அது 2009 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கோடு தேயாவிட்டாலும் இத்தகைய டயர் ஓட்டத்துக்கு உரியதன்று.

ஸ்பிட்ஃபயர்களில் சில கம்பிச் சக்கரங்களுடன் வந்தன. கம்பிகளை ஒரு சிறு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டினால் இறுக்கமானவை கணீரென்றும் தளர்ந்தவை மந்தமாகவும் ஒலிக்கும். இச்சக்கரங்களைச் சமநிலைப்படுத்தும்போது பொறியில் பொருத்துவதற்குத் தனிக் கூம்புகள் தேவை. சாதாரணக் கூம்புகளில் பொருத்திச் சமன் செய்யப்பட்ட கம்பிச் சக்கரம் முன்னிலும் கெட்டுத் திரும்புவது உண்டு.

உந்துதண்டும் கிராஸ் இணைப்புகளும்

கிராஸ் இணைப்பு கோணத்தில் இயங்கும்போது சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. உட்செல்லும் தண்டு சீராகச் சுழன்றாலும் வெளிவரும் தண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் இரு முறை விரைந்து இரு முறை தாழும். 5 பாகைச் சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 0.4 விழுக்காடு மட்டுமே. 20 பாகையில் அது 6 விழுக்காடு ஆகிவிடும். உந்துதண்டில் இரு முனைகளிலும் கிராஸ் இருப்பதால், இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்து, இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்துவிடும். இரு துண்டுகளாகப் பிரியும் உந்துதண்டை மீண்டும் சேர்க்கும்போது ஒரு பல் தள்ளிச் சேர்த்தால்கூட இந்த ஈடு கெடும். கழற்றுமுன் இரு துண்டுகளின் மீதும் குறியிட வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது இதனாலேயே.

தேய்ந்த கிராஸின் முதல் அடையாளம் பெரும்பாலும் நடுக்கமன்று. வண்டி புறப்படும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் 'டக்' என்ற ஒலி கேட்கும். மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துரும்புப்பொடி கசிந்திருக்கும். உள்ளிருக்கும் ஊசி உருளைகள் மசகின்றி அரைபடுவதன் சான்று அது. கடற்காற்றில் உப்பு மிகுந்த பகுதிகளில் ஓடும் வண்டிகளில் இது விரைந்து வரும். கிராஸ் முறிந்து உந்துதண்டு கீழே விழுந்தால் அது தரையை உழுது வண்டியைத் தூக்கியெறியக்கூடும்.

பின் அரையச்சு

இங்குதான் ஹெரால்ட் வகை மற்ற வண்டிகளிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. அரையச்சில் ஒற்றைக் கிராஸ் மட்டுமே இருப்பதால் அதன் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்ய எதுவும் இல்லை. வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது கோணம் சிறியது ஆகையால் விளைவும் சிறியது. வில்பட்டை தளர்ந்து பின்புறம் தாழ்ந்தாலோ, பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து பெட்டிகளும் ஏற்றப்பட்டாலோ கோணம் மிகும். ஆள் ஏறினால் மட்டும் எழும் நடுக்கம் இதனைச் சுட்டும்.

இதே காரணத்தால் ஒரு பரவலான சோதனைப் பிழையும் நிகழ்கிறது. வண்டியின் பின்புறத்தை அடிச்சட்டத்தில் தாங்கி உயர்த்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, பொறியை இயக்கிப் பார்ப்பர். ஊசல் அச்சில் சக்கரங்கள் மிகவும் கீழிறங்கித் தொங்கும். அந்நிலையில் குற்றமற்ற கிராஸ்கூடக் கடுமையாக நடுங்கும். அதைக் கண்டு நல்ல உறுப்புகளை மாற்றியோர் பலர். தாங்கிகளைச் சக்கரத்துக்கு அருகில், செங்குத்து இணைப்பின் அடியில் வைத்து, அரையச்சுகள் ஓட்ட நிலையின் கோணத்துக்கு வந்த பின்னரே சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலும் வண்டியின் கீழே எவரும் இருத்தல் கூடாது. சோதனை முடித்துக் கீழிறக்கியதும் பின் சக்கரங்கள் விரிந்தே நிற்கும். சற்று முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அவை இயல்பு நிலைக்கு அமரும்.

அரையச்சின் வெளிமுனையில் சக்கரக் குடம் கூம்பு வடிவப் பொருத்தில் ஓர் ஆப்புடன் இறுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள பேரிங் தேய்ந்தால் தொடக்கத்தில் உறுமல் ஒலி எழும். அதைப் புறக்கணித்து ஓட்டினால் அரையச்சே அரிக்கப்படும். கூம்புப் பகுதியில் களைப்பு விரிசல் தோன்றி முறிந்தால், குடமும் தடை உருளையும் சக்கரமும் ஒன்றாகக் கழன்று போகும். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்த அங்கு வேறு உறுப்பு இல்லை. வளைவுகளில் ஒரு பக்கம் மட்டும் மிகும் பின்புற உறுமலை டயர் ஒலி என்று ஒதுக்குவது ஆபத்தானது.

முன்புறமும் டிரன்னியனும்

முன் சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து உலுக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவர் தடையை அழுத்திப் பிடிக்க, மீண்டும் உலுக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில் உள்ளது. நிற்காவிட்டால் குறை டிரன்னியனிலோ மேல் பந்து இணைப்பிலோ உள்ளது. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து உலுக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் இணைப்புகளையும் பற்சட்டத்தின் ரப்பர் மெத்தைகளையும் பார்க்க வேண்டும். பொறியிலிருந்து கசியும் எண்ணெயில் ஊறி அம்மெத்தைகள் களிம்பு போல் இளகிவிடும். முன் பேரிங்குகளில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பே. அதை அடியோடு போக்க இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும்.

டிரன்னியனுக்கு இடவேண்டியது கியர் எண்ணெய் ஆகும். கிரீஸ் அன்று. கிரீஸ் நாளடைவில் உறைந்து புரியின் அடிப்பகுதியை எட்டாமல் நின்றுவிடும். வெளியில் நிறையக் கிரீஸ் பிதுங்கி நிற்பதால் பராமரிப்பு நன்றாக இருப்பது போலவும் தோன்றும். உள்ளே நீர் புகுந்து செங்குத்துத் தண்டின் புரிகள் துருவேறி மெலியும். முறிவு பெரும்பாலும் உயர் வேகத்தில் நிகழ்வதில்லை. வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போதே தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். அதே முறிவு கடற்கரைச் சாலையில் நிகழ்ந்திருந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஸ்டீயரிங் ஒரு பக்கம் திருப்ப மட்டும் கனமாக இருப்பதும், திருப்பிய பின் தானே நேராகாமல் நிற்பதும் இதன் முன்னறிகுறிகள். இவற்றோடு நடுக்கமும் சேர்ந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல் ஏற்றிச் செல்வதே முறை.

பொறி

ஓர் உருளை வெடிக்கத் தவறுவதைக் கண்டறிய, பொறி மெதுவாக ஓடும்போது மின்காப்புள்ள இடுக்கியால் தீப்பொறிச் செருகிகளின் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பர். எதை எடுத்தால் பொறியின் ஓட்டத்தில் மாற்றம் ஏற்படவில்லையோ அதுவே குறையுள்ள உருளை. ஸ்பிட்ஃபயரிலுள்ள இரட்டைக் கார்பரேட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசையாவிட்டாலும் இதே போன்ற நடுக்கம் எழும். கிளட்சை அழுத்தியதும் நடுக்கம் மாறினால் கிளட்ச் தட்டையும் அதன் விடுவிப்புப் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பொறியைத் தாங்கும் ரப்பர்கள் இங்குள்ள வெப்பத்தில் வெடித்து இறுகிவிடுகின்றன. அவை இறுகினால் குற்றமற்ற பொறியின் இயல்பான துடிப்பும் அடிச்சட்டத்துக்கு ஏறிவிடும்.

கைபேசிவழி அளத்தல்

தற்காலக் கைபேசிகளிலுள்ள முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணை அளக்கும் செயலிகள் உள்ளன. இவற்றின் வரம்பை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஓர் அதிர்வை அளக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேலான வீதத்தில் அளவுகள் எடுக்கப்பட வேண்டும். நொடிக்கு 100 அளவுகள் மட்டும் எடுக்கும் கைபேசி 50 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைச் சரியாகக் காட்டாது. அதைவிட மோசமாக, 88 ஹெர்ட்ஸ் அதிர்வை 12 ஹெர்ட்ஸ் என்று காட்டக்கூடும். உந்துதண்டின் குறை சக்கரத்தின் குறையாகத் தோன்றிவிடும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் இருக்கையின் சட்டத்திலோ தரையிலோ இறுகப் பொருத்தி, ஓட்டுநரல்லாத ஒருவர் கவனிக்க வேண்டும்.

உறுப்புகளை மாற்றுதல்

சென்னையில் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இத்தகைய வண்டிகளின் உரிமையாளர்களுக்கு நெடுங்காலமாகப் புகலிடமாக இருந்து வருகின்றன. கிராஸ், பேரிங் போன்றவற்றின் அளவு வேறு வண்டிகளினுடையதோடு ஒத்துவந்தால் அவற்றைப் பொருத்திக்கொள்வதும் உண்டு. மூடியின் விட்டத்தையும் சிலுவையின் முழு அகலத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்த பின்னரே இதைச் செய்யலாம். அரையச்சையும் முன் செங்குத்துத் தண்டையும் பொறுத்தவரை பயன்படுத்திய உறுப்பை வாங்கிப் பொருத்துவது தகாது. விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வேறு வழியில்லாதபோது, சாயம் ஊடுருவச் செய்தோ காந்தத் துகள் கொண்டோ விரிசல் சோதனை செய்வித்துப் பின்னர்ப் பொருத்துவர்.

ஒரே வேளையில் பல உறுப்புகளை மாற்றினால் எது குறையாக இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றி, அதே சாலையில், அதே வேகத்தில், அதே கியரில், டயர்க் காற்றழுத்தமும் மாறாமல் மீண்டும் ஓட்டிப் பார்த்து, வேகத்தையும் நடுக்கத்தின் தன்மையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது வழக்கம். அரையச்சு, டிரன்னியன், உந்துதண்டின் கிராஸ் ஆகிய மூன்றும் இதற்கு விலக்கு. அவற்றில் ஐயம் எழுந்தால் சாலைச் சோதனையின்றியே கழற்றிப் பார்க்கப்படும்.